345 அடியில் ஒரு மாநிலத்தின் உச்சி: வாசகர் கேள்வி-பதில்

அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் உள்ள மிக உயர்ந்த இடங்களை வரிசைப்படுத்தினால், அவற்றில் மிகத் தாழ்ந்த உச்சி புளோரிடாவில் இருக்கிறது, அதன் உயரம் 345 அடி என்று சென்ற இதழில் ஒரு துணுக்கு வந்திருந்தது. நான்கு வரித் துணுக்குதான். ஆனால் கடிதங்கள் குவிந்துவிட்டன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கே: 345 அடி என்பது அச்சுப்பிழைதானே? ஒரு சைபர் விட்டுப்போயிருக்குமே?
– வாசகர், கும்பகோணம்

ப: பிழை இல்லை. 345 அடிதான், அதாவது 105 மீட்டர். பிரிட்டன் ஹில் என்பது பெயர். மாநிலத்தின் வடமேற்கு மூலையில், வால்டன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போல), அலபாமா மாநில எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பகுதியில் மர வியாபாரம் செய்த வில்லியம் ஹென்றி பிரிட்டன் என்பவரின் பெயர் அது. இங்கிலாந்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

தாழ்ந்த உச்சிகளின் வரிசையில் அடுத்து வருவது டெலவேர் மாநிலத்தின் ஈப்ரைட் அசிமத், 448 அடி. அதற்கடுத்தது லூயிசியானாவின் டிரிஸ்கில் மவுண்டன், 535 அடி. மாநிலக் கணக்கிலேயே வராத தலைநகர் வாஷிங்டனில்கூட 409 அடியில் ஒரு மேடு உண்டு. மயாமியின் பனோரமா டவர் என்ற குடியிருப்புக் கட்டடம் 868 அடி. கட்டடத்தைத் தரையிலிருந்தும் மேட்டைக் கடல்மட்டத்திலிருந்தும் அளக்கிறோம் என்பது உண்மைதான். ஆனால் மயாமியில் தரையும் கடல்மட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், அங்கே இந்த ஒப்பீட்டில் பெரிய தவறு வராது.

கே: பிரிட்டன் ஹில் மேல் ஏற எவ்வளவு நேரம் ஆகும்?
– வாசகி, கோயம்புத்தூர்

ப: கார் நிறுத்துமிடத்திலிருந்து ஒரு நிமிடம்.

கே: தட்டையான மாநிலம் என்கிறீர்கள். அப்புறம் மேடு எப்படி வந்தது? எரிமலையா, நிலம் மடிந்து எழுந்ததா?
– பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்

ப: இரண்டும் இல்லை. அங்கே இரண்டு வகை மேடுகள் உண்டு. அவை உண்டான விதமும் வெவ்வேறு.

வடமேற்கு மேடுகள், அதாவது பிரிட்டன் ஹில்லும் அதன் சுற்றமும், எழுந்து நின்றவை அல்ல, அரிக்கப்படாமல் தப்பியவை. அப்பலாச்சியன் மலைகள் தேய்ந்து, அந்த மணலையும் சரளையையும் களிமண்ணையும் ஆறுகள் தெற்கே கொண்டுவந்து கொட்டின. சிட்ரனெல் படிவு என்று நிலவியலார் அதைச் சொல்கிறார்கள். ஒரே பரப்பாகக் கிடந்த அந்தப் படிவைப் பின்னால் ஓடைகள் அறுத்தன. ஓடைகளுக்கு நடுவே மிஞ்சியதுதான் இன்றைய மேடு. சாலைக்காக வெட்டிய கரைகளில் மண் செங்கல் நிறமாகத் தெரியும், இரும்பு ஆக்சைடு ஏறிய களிமண் அது. மேட்டின் மேல் நின்றால் மேட்டின் மேல் நிற்கிறோம் என்றே தோன்றாததற்கும் இதுதான் காரணம். சுற்றியுள்ள நிலமும் ஏறக்குறைய அதே உயரம். எல்லை தாண்டி அலபாமாவுக்குள் போனால் இன்னும் உயர்ந்துகொண்டே போகும்.

தீபகற்பத்தின் நடுவில் வடக்குத் தெற்காக ஓடும் லேக் வேல்ஸ் மேட்டு வரிசை வேறு ரகம். அடியில் சுண்ணாம்புப் பாறை, மேலே வெள்ளை மணல். கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட உயரமாக இருந்த காலத்தில் இது தீவுகளின் வரிசை. அலையும் காற்றும் குவித்த கடற்கரை மணல்மேடுகளின் மேல்தான் இன்று ஊர்கள் நிற்கின்றன. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. மழைநீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்து, அந்தக் கரைசல் ஊற்றுகள் வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. பாறையின் எடை குறைகிறது, பாரம் குறைந்த நிலம் மெல்ல உயர்கிறது. பழைய கடற்கரைகள் எதிர்பார்த்ததைவிட உயரத்தில் கிடப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

அதே கரைசல்தான் பள்ளங்களையும் உண்டாக்குகிறது. பாறைக்குள் குகை பெரிதாகி, மேல்மண் உள்வாங்கினால் வட்டமான குழி விழும், அதில் நீர் நின்றால் ஏரி. லேக் வேல்ஸ் மேட்டு வரிசையை வரைபடத்தில் பாருங்கள், ஊருக்கு நாலு வட்ட ஏரிகள் இருக்கும். மேடு 300 அடி, பக்கத்திலேயே ஏரி 120 அடி என்றால் வண்டி ஓட்டுகிறவருக்கு அது மலைப்பாதைதான்.

தீவுகளாக இருந்த காலத்தில் அங்கே தனித்து மாட்டிக்கொண்ட செடிகளும் பிராணிகளும் உலகில் வேறெங்கும் இல்லாதவையாக மாறிவிட்டன. மணல் அரணை ஒன்று இருக்கிறது. கால் இருந்தும் இல்லாததுபோல, மணலுக்குள் நீந்தியே போகும். அது போன தடம் மட்டும் மேலே வளைவு வளைவாகத் தெரியும். புளோரிடா புதர்க்காட்டு ஜே என்ற நீலப் பறவை அந்த மாநிலத்தைத் தவிர வேறெங்கும் வாழ்வதில்லை. கையருகே வந்து உட்காரும் துணிச்சல் அதற்கு உண்டு. ஆனால் தீனி போடுவது சட்டப்படி குற்றம்.

கே: சுகர்லோஃப் மவுண்டன்தான் புளோரிடாவின் உண்மையான மலை என்று அங்கே இருக்கும் என் மைத்துனர் அடித்துச் சொல்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், நாகர்கோவில்

ப: இரண்டு பேரும் சரி, கேள்விதான் வேறு. கடல்மட்டத்திலிருந்து அளந்தால் பிரிட்டன் ஹில் 345 அடி, சுகர்லோஃப் 312 அடி. சுற்றியுள்ள நிலத்திலிருந்து எவ்வளவு தனித்து எழுகிறது என்று பார்த்தால் சுகர்லோஃப்தான் முதலிடம். அதைவிட உயரமான இடத்துக்குப் போக, எந்த வழியில் போனாலும் குறைந்தது 245 அடி இறங்கித்தான் ஆக வேண்டும். மலையேறுகிறவர்கள் கணக்கில் இதுதான் ஒரு சிகரத்தின் எழுச்சி உயரம். மாநிலத்திலேயே இதுதான் அதிகம்.

ஆர்லாண்டோவுக்கு மேற்கே கிளெர்மான்ட் பக்கத்தில், அபாப்கா ஏரிக்கு மேற்குக் கரையில் இருக்கிறது. மிதிவண்டிக்காரர்களுக்கு அது பயிற்சிக்களம், ஏற்றம் சில இடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டும். மூச்சு வாங்க வைப்பது உயரம் அல்ல, சரிவுதான். ஏறும்போது கீழே இருந்தே வேகமெடுத்து மிதிப்பவர்கள் பாதியில் சங்கிலியைச் சிறு பல்லுக்கு மாற்றப் பார்ப்பார்கள். பாரம் ஏறிய சங்கிலி நழுவி விழும். சரிவு தொடங்குமுன்பே மாற்றிவிட வேண்டும். மேலே சுற்றிலும் தனியார் நிலம், சாலையை விட்டு விலகாதீர்கள்.

கே: பிரிட்டன் ஹில் கல்வெட்டுக்குப் பக்கத்தில் நின்று செல்பேசியில் உயரம் பார்த்தேன். 78 மீட்டர் என்று காட்டியது. கல்லில் இருப்பதோ 345 அடி, அதாவது 105 மீட்டர். யார் ஏமாற்றுகிறார்கள்?
– வாசகர், சென்னை

ப: யாரும் ஏமாற்றவில்லை. செயற்கைக்கோள் அளவை பூமியை ஒரு கணித முட்டை வடிவமாக வைத்துக்கொண்டு அதன் மேற்பரப்பிலிருந்து உயரம் சொல்கிறது. நாம் ‘கடல்மட்டம்’ என்று சொல்வது புவியீர்ப்பு தீர்மானிக்கும் மட்டம், ஜியாய்டு என்பார்கள். பூமிக்குள் எடை ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை. அதனால் இந்த மட்டம் சில இடங்களில் கணித வடிவத்துக்கு மேலேயும் சில இடங்களில் கீழேயும் இருக்கும். புளோரிடாவின் வடமேற்கில் அது சுமார் 27 மீட்டர் கீழே. 78-உடன் 27-ஐக் கூட்டிப் பாருங்கள், கணக்கு நேராகிவிடும்.

நீங்கள் சென்னைக்காரர் என்பதால் இதையும் சொல்லிவிடலாம். உலகிலேயே இந்த மட்டம் மிகவும் தாழ்ந்து கிடப்பது இலங்கைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில்தான், 100 மீட்டருக்கும் மேல் கீழே. சென்னையில் அது 80 மீட்டரைத் தாண்டும். திருத்தம் செய்யாத செயலியோடு மெரினா மணலில் நின்றால், கடலுக்கு அடியில் எண்பது மீட்டர் ஆழத்தில் இருப்பதாகக் காட்டும். ஐபோன் பொதுவாகத் திருத்திய எண்ணைக் கொடுக்கிறது. ஆண்ட்ராய்டில் செயலிக்குச் செயலி மாறும். அமைப்புகளில் ‘சராசரி கடல்மட்டம்’ என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

திருத்தம் செய்தாலும் பத்துப் பதினைந்து மீட்டர் முன்பின் போகலாம். செயற்கைக்கோள்கள் எல்லாம் நம் தலைக்கு மேலே மட்டும் இருப்பதால், கிடைத்தளத் துல்லியம் உயரக் கணக்கில் கிடைப்பதில்லை. திறந்த வெளியில் ஐந்து நிமிடம் அசையாமல் வைத்துச் சராசரி எடுங்கள்.

காற்றழுத்தமானி உள்ள செல்பேசியானால் உயரம் தெரிந்த ஓர் இடத்தில் அதைச் சரிசெய்துகொண்டு கிளம்பலாம். அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் உயரம் சுமார் 8 மீட்டர் கூடியதாக அது எடுத்துக்கொள்ளும். மதியம் இடிமழை திரண்டு அழுத்தம் மூன்று நான்கு மாறினால், நின்ற இடத்திலேயே உங்கள் குன்று 30 மீட்டர் வளர்ந்துவிடும். காலையில் சரிசெய்ததை மாலையில் நம்பக் கூடாது.

கே: தெற்கு புளோரிடாவில் குப்பை மலை இதைவிட உயரம் என்று கேள்விப்பட்டேன். அதை ஏன் கணக்கில் சேர்ப்பதில்லை?
– வாசகர், ஈரோடு

ப: பிரிட்டன் ஹில்லைவிட உயரம் இல்லை. ஆனால் மயாமிக்கு வடக்கே பொம்பானோ பீச் பக்கம் நெடுஞ்சாலையில் போகும்போது கண்ணில் படும் குப்பைமேடு 200 அடியைத் தாண்டியது. அந்த வட்டாரத்தில் இயற்கையான தரை இருபது அடியைத் தொடுவதே அபூர்வம். மத்தியப் பகுதியில் பாஸ்பேட் ஆலைகளின் ஜிப்சக் கழிவுக் குவியல்களும் அதே உயரத்துக்கு நிற்கின்றன. டிஸ்னி பூங்காவில் எவரெஸ்ட் என்று பெயர் சூட்டிய செயற்கை மலை 199 அடி. அமெரிக்காவில் 200 அடியைத் தொட்டால் விமானங்களுக்காக எச்சரிக்கை விளக்கு போட வேண்டிவரும், எவரெஸ்டின் உச்சியில் சிவப்பு விளக்கு எரிந்தால் நன்றாகவா இருக்கும்?

உச்சி என்று பதிய, ஆள் கை படாத தரையாக இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க முதலில் 1:24,000 அளவிலான நில அளவைத் தாளில் மிக உயர்ந்த மூடிய சம உயரக் கோடுகளைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு விமானத்திலிருந்து லேசர் அடித்து எடுத்த லிடார் தரவு. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். முதல் எதிரொலியை எடுத்தால் மர உச்சியின் உயரம் வரும், மரமும் வீடும் நீக்கிய வெறுந்தரைப் பதிப்பைத்தான் எடுக்க வேண்டும். அப்போதும் சாலைக்காகக் கொட்டிய மண்கரை, தண்ணீர்த் தொட்டி மேடை எல்லாம் குன்றுபோலத் தெரியும். கடைசியில் நேரில் போய்க் கைமட்டக் குழாய் (கிடைமட்டம் காட்டும் கையடக்கக் கருவி) வழியாகச் சுற்றிப் பார்ப்பதே தீர்ப்பு. கிடைக்கோடு எங்காவது மண்ணில் முட்டினால், அந்த மண் உங்கள் கண் உயரத்தைவிட மேலே இருக்கிறது. நீங்கள் நிற்பது உச்சி அல்ல.

கே: மகள் ஆர்லாண்டோவில் இருக்கிறாள். ஜூலையில் போகிறோம். எனக்கு 68 வயது, மூட்டுவலி. இந்த மேடுகளில் எதைப் பார்க்கலாம்?
– வாசகி, திருநெல்வேலி

ப: அம்மா, பிரிட்டன் ஹில் வேண்டாம். ஏறுவது ஒரு நிமிடம் என்றாலும், ஆர்லாண்டோவிலிருந்து காரில் ஆறு மணி நேரம். 10-ஆம் எண் நெடுஞ்சாலையில் டிஃபூனியாக் ஸ்பிரிங்ஸ் வரை போய், அங்கிருந்து 331-இல் வடக்கே சுமார் 25 மைல் போய், 285 என்ற கவுண்டிச் சாலையைப் பிடிக்க வேண்டும். லேக்வுட் பூங்கா என்ற பலகை, ஒரு கிரானைட் கல், நிழலில் இரண்டு மேசை, கழிவறை. இதற்காக அவ்வளவு தூரமா என்று மாப்பிள்ளை கேட்பார், நியாயம்தான். 50 மாநில உச்சிகளையும் தொட்டுவிடக் கிளம்பியவர்களுக்கு அது கட்டாயம். அவர்கள் பட்டியலில் இன்னொரு முனை அலாஸ்காவின் டெனாலி, 20,310 அடி.

உங்களுக்கு ஏற்றது லேக் வேல்ஸ் ஊரின் போக் டவர் தோட்டம், ஆர்லாண்டோவிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். அயர்ன் மவுண்டன் என்ற மேட்டின் மேல், கடல்மட்டத்திலிருந்து 295 அடி உயரத்தில் இருக்கிறது. பத்திரிகையாசிரியர் எட்வர்ட் போக் கட்டிய 205 அடி மணிக்கோபுரத்தை 1929 பிப்ரவரி 1-ஆம் தேதி குடியரசுத் தலைவர் கால்வின் கூலிட்ஜ் திறந்து வைத்தார். உள்ளே 60 வெண்கல மணிகள், விசைப்பலகையால் வாசிக்கிறார்கள். கோபுரத்துக்குள் பொதுமக்களை விடுவதில்லை, மணியோசையைத் தோட்டத்தில் உட்கார்ந்தே கேட்கலாம். ஏற்றம் தெரியாத பாதைகள்தான்.

ஜூலை என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மதியம் இரண்டு மணிக்கு மேல் இடிமழை என்பது அங்கே அன்றாட விஷயம். இடி கேட்டால் மேட்டிலிருந்து இறங்கிக் கட்டடத்துக்குள் அல்லது காருக்குள் போய்விட வேண்டும், மரத்தடி கூடாது. புல்லில் செருப்பில்லாமல் நிற்காதீர்கள். நெருப்பெறும்புப் புற்று தட்டையாக, கலைந்த மணல்போல் இருக்கும், கால் வைத்த பிறகுதான் தெரியும்.

வடமேற்கே போவதாக இருந்தால் சிப்லி ஊர் அருகில் ஃபாலிங் வாட்டர்ஸ் மாநிலப் பூங்கா. 73 அடி அருவி, மாநிலத்திலேயே உயரமானது. 100 அடி ஆழக் குழிக்குள் விழுகிறது. நல்ல மழை பெய்த மறுநாள் போனால்தான் அருவி, இல்லாவிட்டால் ஈரப் பாறையைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். படிக்கட்டுகள் உண்டு, உங்கள் மூட்டுக்கு யோசித்துக்கொள்ளுங்கள். மாநிலப் பூங்காக்கள் காலை 8 முதல் சூரியன் மறையும் வரை. இதில் ஒரு சிக்கல், அப்பலாச்சிக்கோலா ஆற்றைத் தாண்டி மேற்கே போனால் மணி ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும். ஆர்லாண்டோ கணக்கில் கிளம்பினால் காலையில் பூட்டிய கதவின் முன்னால் ஒரு மணி நேரம் நிற்க வேண்டிவரும்.

கே: அந்த மேடுகளில் ஆரஞ்சுத் தோட்டங்கள் நிறைய இருந்ததாமே. மேட்டில் ஏன் போட்டார்கள்? இப்போது ஏன் இல்லை?
– விவசாயி, தேனி

ப: இரண்டு காரணம். ஆரஞ்சு வேருக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது, அழுகிவிடும். மேட்டு மணலில் மழை நின்ற சுவடே தெரியாமல் இறங்கிவிடும். அடுத்தது உறைபனி. காற்றில்லாத, மேகமில்லாத இரவில் தரை குளிர்ந்து, அதையொட்டிய காற்று கனத்துப் பள்ளத்துக்கு வழிந்துவிடும். பள்ளத்து மரம் கருகும் இரவில் மேட்டு மரம் இரண்டு மூன்று டிகிரி கூடுதலில் தப்பிவிடும்.

ஆனால் 1983 டிசம்பர், 1985 ஜனவரி, 1989 டிசம்பர் மூன்றிலும் வந்தது வேறு வகைக் குளிர். வடக்கேயிருந்து காற்றோடு சேர்ந்து வந்த ஆர்க்டிக் குளிர். காற்று வீசும்போது குளிர் பள்ளத்தில் தங்காது, மேட்டையும் சேர்த்து அடிக்கும். கிளெர்மான்ட் பக்கத்துத் தோட்டங்கள் பட்டுப்போயின. பலர் தெற்கே நகர்ந்தார்கள், நிலத்தை வீட்டுமனைக்காரர்கள் வாங்கினார்கள். தோட்டங்களைப் பார்க்கவென்றே 1956-இல் கட்டிய 226 அடி சிட்ரஸ் டவர் இன்னும் நிற்கிறது. மேலேறினால் கூரைகள்தான் தெரியும்.

கே: லேக் வேல்ஸில் கார் தானாக மேட்டில் ஏறும் ஒரு சாலை இருக்கிறதாமே?
– மாணவர், திருச்சி

ப: ஸ்பூக் ஹில். வெள்ளைக் கோட்டில் காரை நிறுத்தி, கியரை நியூட்ரலில் விட்டால் பின்னோக்கி மேட்டில் ஏறுவதுபோலத் தெரியும். உண்மையில் இறங்குகிறது. சுற்றியுள்ள நிலத்தின் சரிவும் மரங்களும் தொடுவானத்தை மறைத்துக் கண்ணைக் குழப்புகின்றன. ரசமட்டத்தைச் சாலையில் வைத்தால் குட்டு உடைந்துவிடும். பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு செய்ய வேண்டும்.

கே: மகன் மயாமியில் வீடு வாங்கப்போகிறான். தரகர் ‘11 அடி உயரத்தில் இருக்கிறது, வெள்ளமே வராது’ என்கிறார். நம்பலாமா?
– ஓய்வுபெற்ற பொறியாளர், சேலம்

ப: எதிலிருந்து 11 அடி என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். உயரத்தை எந்தப் பூஜ்யத்திலிருந்து அளப்பது என்பதுதான் அடிமட்டக் கணக்கு. அங்கே 1929-இன் அடிமட்டக் கணக்கு, 1988-இன் அடிமட்டக் கணக்கு என்று இரண்டு புழக்கத்தில் உண்டு. ஒரே தரைக்கு மயாமியில் பழைய கணக்கு சுமார் ஒன்றரை அடி கூடுதலாகக் காட்டும். பழைய பத்திரத்தில் உள்ள 11 அடியைப் புதிய வெள்ள வரைபடத்தோடு ஒப்பிட்டால் ஒன்றரை அடி தப்பிவிடும். 345 அடிக் குன்றில் அது ஒன்றுமில்லை, மயாமியில் அது வரவேற்பறைக்குள் தண்ணீர்.

மயாமியில் கடலுக்கு இணையாக ஒரு தாழ்வான சுண்ணாம்புப் பாறை மேடு ஓடுகிறது. 1896-இல் மயாமியை எட்டிய ரயில்பாதையை அதன் மேல்தான் போட்டார்கள். கடற்கரையில் இடம் மறுக்கப்பட்ட கறுப்பின மக்களும், பின்னால் வந்த ஹைட்டி மக்களும் குடியேறிய லிட்டில் ஹைட்டி, லிபர்ட்டி சிட்டி பகுதிகள் அந்த மேட்டை ஒட்டியவை. கடல் உயர்கிறது என்றதும் முதலீட்டாளர்கள் கண் இப்போது அங்கே திரும்பியிருக்கிறது, வாடகை ஏறி பழைய குடிகள் வெளியேறுவது தனிப் பிரச்சினை.

மகன் செய்ய வேண்டியது: உரிமம் பெற்ற நில அளவையாளர் கையெழுத்திட்ட உயரச் சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் மிகத் தாழ்ந்த தளத்தின் உயரத்தையும், அரசு வெள்ள வரைபடம் அந்த மனைக்குத் தரும் அடிப்படை வெள்ள மட்டத்தையும் ஒரே அடிமட்டக் கணக்கில் வைத்து ஒப்பிட வேண்டும். மனையின் உயரம் அல்ல, தளத்தின் உயரம்தான் பேச்சு. 2024 அக்டோபர் 1 முதல், வெள்ளச் சேதத்துக்குக் காப்பீடு கோரியதையும் மத்திய அரசு உதவி பெற்றதையும் விற்பவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அந்த மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. அந்தத் தாளையும் கேட்கட்டும்.

கடலோரம் சுவர் எழுப்பியிருக்கிறார்களே என்று தரகர் சொன்னால் நம்பிவிட வேண்டாம், மயாமியின் அடியில் உள்ள சுண்ணாம்புப் பாறை பஞ்சுபோல் துளை நிறைந்தது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை வரும் பெரிய ஓதத்தின்போது (கடல்நீர் ஏற்றத்தின்போது), சுவருக்கு உள்ளே, வெயிலடிக்கும் நாளிலேயே தண்ணீர் சாக்கடை வழியாகவும் தரைக்கு அடியிலிருந்தும் மேலே வரும். அந்த மாதங்களில் ஒரு பௌர்ணமியையொட்டி, ஓதம் உச்சத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து, தெருவை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கச் சொல்லுங்கள்.